பிளேடு மேலே நிற்க மாட்டேங்குது

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாதம், சிவகாசியில் எங்கள் கட்டிங் கடையில் நடந்தது இது. கட்டிங் கடை என்றதும் வெளியூர்க்காரர்கள் முடிவெட்டுகிற கடை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுடையது காகிதம் வெட்டுகிற கடை. பிரஸ்ஸில் பெரிய பெரிய தாளாக அச்சாகி வருவதைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மிஷினில் கொடுத்து, ஒரே வெட்டில் அளவாக வெட்டித் தருவோம். பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் எங்கள் கத்தியைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும்.

ஆடி என்றால் உலகத்துக்குத் தள்ளுபடி மாதம். எங்களுக்கு உயிர் போகிற மாதம். ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். அன்றைக்குள் ஆல்பத்தை வெட்டிக் கொடுக்காத கடைக்கு அடுத்த வருடம் யாரும் லோடு இறக்க மாட்டார்கள்.

கடையை நடத்துவது என் கணவர். மிஷினில் நிற்பது ஒரு அண்ணாச்சி. என் மாமனார் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அந்த மிஷின் அவருக்கு வெறும் இரும்பு இல்லை. வெளிநாட்டில் செய்தது, எங்களிடம் வரும்போதே பழசு. செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்து, கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் அவர் டீயே குடிப்பார். பெற்ற பிள்ளையை அப்படிக் குளிப்பாட்டியிருப்பாரா என்று நானே கேலி செய்திருக்கிறேன். அந்த ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையை அதே மிஷினில் தன் கையால் வெட்டி எடுத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார்.

என் பங்குக்கு நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். தையல்காரிகள் கூடிப் பேசுகிற ஒரு இணைய மன்றத்தில் பல வருடமாக இருக்கிறேன். ஆயிரக்கணக்கான பதிவுகள். அதில் இருக்கிற தேடுபெட்டியோ சுத்த தண்டம். ‘கழுத்து’ என்று போட்டால் கழுத்துவலிக்கு வைத்தியம் காட்டும். அதனால் வெளியே இருந்து தேடுகிற வித்தையைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே வரிசையில் இருப்பதை மட்டும் காட்டும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அதைச் சலித்துத் தள்ளிவிடும். ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒன்றன் மேல் ஒன்றாக ரெண்டு புள்ளி வைத்து, மன்றத்தின் முகவரியைப் போட்டால் அந்த ஒரு இடத்துக்குள் மட்டும் தேடும். இதைப் பெரிய கல்வியாக என் வீட்டில் யாரும் மதித்ததில்லை. போனை நோண்டுகிறாள் என்றுதான் பேர்.

அந்த ஆடியில் மிஷின் ஒரு புது வேலை காட்டியது. வெட்டி முடித்து மேலே போகிற பிளேடு அங்கேயே நிற்காமல், லேசாகக் கீழே இறங்கி நின்றது. வெட்டு என்னவோ சுத்தமாகத்தான் விழுந்தது. மதுரையில் இருக்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டால், கையில் வேலை குவிந்து கிடக்கிறது, ஆடிப்பெருக்கு கழித்துத்தான் வர முடியும் என்றார். அண்ணாச்சியும் அலட்டிக்கொள்ளவில்லை. சீசனில் அதற்கும் அலுப்பு இருக்காதா என்று மிஷினுக்குப் பரிந்து பேசினார். காகிதக் கட்டை உள்ளே தள்ளும்போது இறங்கி நிற்கிற பிளேடு இடிக்கிறது, வேலை தாமதமாகிறது என்பதுதான் என் கணவரின் ஒரே கவலை.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது என்னிடம் சொன்னார்.

“எந்நேரமும் போன்லதான கெடக்க. இதுக்கு அதுல ஏதும் வழி போட்டிருக்கானான்னு பாரு.”

உதவி கேட்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று பிரிக்க முடியாத குரல். அவர் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கு லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனதும், சரி, பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். வீம்புதான், வேறென்ன.

மிஷின் பேரைப் போட்டேன். விற்பனை விளம்பரமாக வந்து கொட்டியது. விலை, விற்பனை, பிளேடு சாணை என்று ஒவ்வொரு சொல்லாகக் கழித்தல் குறி போட்டுத் தள்ளினேன். விளம்பரம் போனது, பின்னாலேயே வீடியோக்கள் வந்தன. அதையும் தள்ளினேன். கடைசியில் அச்சுத் தொழில்காரர்களின் பழைய மன்றம் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாம் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் பேச வராது, ஆனால் எழுத்துக்கூட்டியாவது படித்துப் புரிந்துகொள்வேன். அந்த மன்றத்துக்குள் மட்டும் தேடும்படி ரெண்டு புள்ளி வைத்து, பிளேடு கோளாறு, பிளேடு பழுது, பிரேக் கோளாறு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிப் போட்டேன். வந்ததெல்லாம் வேறு வேறு மிஷின்கள், வேறு வேறு சண்டைகள். போனை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

தேய்க்கும்போதுதான் உறைத்தது. எங்கள் தையல் மன்றத்தில் யாராவது ‘கைச்சுற்றளவில் பிழை’ என்று எழுதுவார்களா? ‘ஜாக்கெட்டப் போட்டா கையத் தூக்க முடியல’ என்றுதான் புலம்புவார்கள். கோளாறின் பேர் தெரிந்தவனுக்கு மன்றத்தில் என்ன வேலை? பேர் தெரியாதவன்தான் அங்கே வந்து கேட்பான். அப்படியானால் அவன் புலம்பிய மாதிரியே நானும் புலம்ப வேண்டும். ஈரக் கையோடு வந்து, ‘பிளேடு மேலே நிற்க மாட்டேங்குது’ என்கிற அர்த்தத்தில், பாமரத்தனமாக ஆங்கிலத்தில் எழுதி, மேற்கோள் குறிக்குள் அடைத்து விட்டேன்.

ஒரே ஒரு பதிவு வந்தது.

கேட்டவர் எந்த நாட்டுக்காரரோ, அவரிடம் இருந்ததும் எங்கள் மிஷினேதான். பிளேடு மேலே போய் நிற்காமல் கொஞ்சம் கீழே வருகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். நாலைந்து பேர் விளையாட்டாக ஏதோ எழுதியிருந்தார்கள். கடைசியாக ஒருவர், இதைப் பற்றி ஏற்கெனவே விவரமாக எழுதியிருக்கிறேன், முதலில் அதைப் படித்துவிட்டு மிஷினைத் தொடு என்று சுருக்கமாகச் சொல்லி ஒரு இணைப்பு கொடுத்திருந்தார். அழுத்தினால் அந்தப் பக்கமே இல்லை. செத்துப்போன இணைப்பு.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். ஆனால் ‘முதலில் படித்துவிட்டுத் தொடு’ என்ற வரி மனசில் உறுத்தியது. இணைப்பு கொடுத்தவருடைய புனைபெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, மன்றத்தின் முகவரியைச் சேர்த்து, பக்கத்தில் பிளேடு, மேலே என்று ரெண்டு சொல்லை மட்டும் போட்டுத் தேடினேன். பழைய பதிவு வேறொரு தலைப்புக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

அவர் எழுதியிருந்ததை என் தமிழில் சொல்கிறேன். பிளேடு மேலே நிற்காமல் இறங்கினால், இனி ஒரு தாள்கூட வெட்டாதே. பிரேக்கில் ஒட்டியிருக்கும் பட்டை எண்ணெய் குடித்து வழுக்குகிறது. இன்று ஒரு விரல் இறங்கும், நாளை இரண்டு விரல் இறங்கும், ஒரு நாள் நீ பொத்தானைத் தொடாமலே முழுசாக இறங்கும். மெயினை அணைத்தாலும் உள்ளே இருக்கும் கனமான சக்கரம் சுற்றி ஓயும்வரை கையை வைக்காதே. இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பொத்தான்களில் எதையாவது அடைத்து வைத்திருந்தால் அதை இப்போதே பிடுங்கு. என் நண்பன் அடைத்து வைத்திருந்தான், இப்போது அவனால் சட்டைப் பொத்தான் போட முடியாது.

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்தேன். எங்கள் மிஷினிலும் முன்பக்கம் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். கை வெளியே இருக்கட்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் சீசன் வந்துவிட்டால் எங்கள் கடையில் ஒரு பொத்தானை உள்ளே அழுத்தி, இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிடுவார்கள். குச்சி போடுவது என்று இதற்குப் பேர். ஒரு கை பொத்தானை அழுத்த, மறு கை உள்ளே காகிதத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருக்கும். வேலை பறக்கும். தீப்பெட்டிக்குப் பேர்போன ஊரில் குச்சிக்கா பஞ்சம்?

கணவருக்குப் போன் அடித்தேன். லோடு இறக்குகிற சத்தத்தில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும், எவனோ வெள்ளைக்காரன் எழுதினதுக்கு ஆல்பத்தை நிறுத்தச் சொல்கிறாயா, அண்ணாச்சி பார்க்காத மிஷினா என்று கேட்டார். வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். கடையில் யாரும் போனை எடுக்கவில்லை. மிஷின் ஓடும்போது எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கடை எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்தான். உள்ளே நுழைந்தபோது அண்ணாச்சி மிஷினில் நின்றுகொண்டிருந்தார். வலது கை பொத்தான் பக்கம். இடது கை பிளேடுக்கு அடியில், கட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற பொத்தானில் தீக்குச்சி. கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பும்போது அந்தக் கை எங்கே இருக்கும் என்று யார் கண்டது. சுவரோரமாகப் போய் மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டு வெட்டி முடிந்தது. பிளேடு மேலே போனது, இறங்கி நின்றது. அடுத்த கட்டை எடுக்க அவர் இரண்டு கையையும் வெளியே எடுத்துத் திரும்பினார். இழுத்துவிட்டேன் சுவிட்சை.

லைட்டு போனது, ஃபேன் போனது, பைண்டிங் செய்துகொண்டிருந்த பெண்கள் கரண்ட் போய்விட்டதென்று அலுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் என்னைப் பார்த்துவிட்டார்.

“என்ன தாயி, லோடுக்கு வண்டி வர்ற நேரத்துல இப்பிடிப் பண்ணிட்டீக.”

கையை உள்ளே விடாதீக அண்ணாச்சி, சக்கரம் நிற்கட்டும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. பிறகு போனில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். இன்று ஒரு விரல் இறங்கும், நாளை இரண்டு விரல் இறங்கும் என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. போன வாரம் ஒரு விரக்கடைதான் இறங்கியது, நேற்றிலிருந்து ரெண்டு விரக்கடை இறங்குகிறது என்று மெதுவாகச் சொன்னார். நான் வரும் வழியெல்லாம் நமக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பயந்துகொண்டே வந்தவள். அதைக் கேட்டதும் அந்தச் சந்தேகம் போய்விட்டது.

என் கணவர் வந்தார். வந்த வேகத்திலேயே சத்தம் போட்டார். ஆல்பம் வராமல் பிரஸ்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவர் கேட்டதும் நியாயம்தான். நானும் விடவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன், யாரும் மிஷின் பக்கத்தில் வரக் கூடாது என்றேன். பொத்தானில் இருந்த தீக்குச்சியைப் பிடுங்கச் சொன்னேன். வாசலில் தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தது. நல்ல பருமனாக ஒன்று வாங்கி வந்தேன். பைண்டிங் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. மிஷினுக்குப் படையல் போடுகிறாள் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

மெயினைப் போட்டோம். அண்ணாச்சி ரெண்டு கையாலும் அழுத்தி வேஸ்ட் காகிதத்தை வெட்டினார். பிளேடு மேலே போனதும், நீளமான மரச்சட்டத்தால் வெள்ளரிக்காயை உள்ளே தள்ளி, அவருடைய இடது கை வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்தோம். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. சட்டத்தால் காயை வெளியே இழுத்து, மறுபடியும் வெட்டி, மறுபடியும் தள்ளினோம். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவையும் பிளேடு சமர்த்தாக நின்றது. என் கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா. இதுக்குத்தான் வேலையக் கெடுத்த.”

தோற்றுவிட்டேனே என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன், பாவி மகள். சரி, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். அண்ணாச்சி எனக்காக, மனசு நோகக் கூடாதே என்றுதான், அழுத்தினார். வெட்டியது. பிளேடு மேலே போனது. காயைத் தள்ளி வைத்தோம். அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்து, ரெண்டு எட்டு பின்னால் வந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போது பிளேடு இறங்கியது. யாரும் தொடவில்லை. தரை அதிர்கிற அந்தப் பழகிய சத்தத்தோடு முழுசாக இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே ஏறிக்கொண்டது.

வெள்ளரிக்காய் இரண்டாகக் கிடந்தது. வெட்டின இடம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. என் கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அண்ணாச்சி தன் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அங்கனதான தாயி என் கை கெடக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருக்கிறது, கை இருக்கிறது, பத்து விரலும் இருக்கிறது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் பிரசவ அறையில்தான் அனுபவித்திருக்கிறேன். என் கணவர் டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். முதல் கிளாஸை என்னிடம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்குக் கிடையாது, அந்த டீதான் அது. வாங்கிக் குடித்தேன்.

ஆல்பம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தெருமுனையில் எங்களுக்குப் போட்டியாகக் கடை வைத்திருப்பவரிடம் என் கணவர் போய் நின்றார். நல்லது கெட்டதுக்குக்கூடப் பேச்சுவார்த்தை இல்லாத ஆள். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் செய்தது, தன் மிஷினில் இருந்த தீக்குச்சியைப் பிடுங்கிப் போட்டதுதான். பிறகு மீதி ஆல்பத்தை எங்கள் அண்ணாச்சியே அங்கே நின்று வெட்டிக்கொள்ளட்டும் என்று இடம் கொடுத்தார். பிரஸ்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனாலும் ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போய்ச் சேர்ந்தது.

மதுரை மெக்கானிக் வந்து மிஷினைப் பிரித்தார். பிரேக் பட்டையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது, அவ்வளவு எண்ணெய். வருடக்கணக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பாசத்தோடு குளிப்பாட்டிய எண்ணெய். இந்த ஒரு இடம் மட்டும் எப்போதும் காய்ந்து கிடக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. நான்தான், சந்தனம் குங்குமம் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித் தேற்றினேன்.

ஆவணியில் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தாரை வார்க்கிற நேரம் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். எனக்குக் கண் அண்ணாச்சியின் கை மேலேயே இருந்தது. மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார், தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் என் இலையில் அவரே வந்து இனிப்பு வைத்தார்.

“இந்தக் கையால வச்சது, மிச்சம் வைக்காம சாப்பிடுங்க தாயி.”

வீட்டுக்கு வந்ததும் அந்த மன்றத்தில் ஒரு கணக்குத் தொடங்கினேன். அந்த மனிதர் கடைசியாக அங்கே எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. இருக்கிறாரோ இல்லையோ. இருந்தாலும் அவருடைய பழைய பதிவுக்குக் கீழே, எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில், இந்தியாவில் எங்கள் ஊரில் ஒருவருடைய கை உங்களால் முழுசாக இருக்கிறது, அந்தக் கையால் மகள் கல்யாணத்தை நடத்திவிட்டார் என்று எழுதினேன். செத்த இணைப்போடு இருந்த அந்தக் கேள்விக்குக் கீழேயும் போய், அவர் விவரமாக எழுதிய பக்கத்தின் சரியான முகவரியைப் போட்டேன். தமிழில் ஒரு பதிவும் போட்டேன், எங்கள் ஊர்க்காரர்களுக்காக. அதற்கு ‘பிரேக் பழுது’ என்று தலைப்பு வைக்கவில்லை.

இன்றுவரை அவரிடமிருந்து பதில் இல்லை. ஆனால் என்றைக்காவது, எங்கேயோ ஒரு கடையில், மிஷின் பக்கம் போகப் பயந்துகொண்டு ஒருவர் போனை எடுத்து ‘பிளேடு மேலே நிற்க மாட்டேங்குது’ என்று தட்டினால், அவர் கைக்கு முன்னால் அந்தப் பதிவு போய் நிற்க வேண்டும் என்பதுதான் இப்போதும் என் வேண்டுதல்.